குடிநீர்க் கூட்டாண்மை: மணிலா நகரின் கால் நூற்றாண்டு அனுபவம்

நகர நிர்வாகத்தின் பணிகளைத் தனியார் நிறுவனங்களுடனும் மக்கள் குழுக்களுடனும் பகிர்ந்துகொள்ளும்போது, எதிர்பாராத இழப்பு நேர்ந்தால் அதை யார் சுமப்பது? இக்கேள்விக்குப் பிலிப்பைன்ஸ் தலைநகரின் அனுபவம் சில தெளிவான விடைகளைத் தருகிறது.

குடிநீர் வழங்கல், கழிவுநீர் அகற்றல், குப்பை சேகரிப்பு, நகரப் போக்குவரத்து ஆகியவை பல நாடுகளில் நீண்ட காலமாக நகராட்சிகளின், அல்லது அரசு வாரியங்களின் நேரடிப் பொறுப்பில் இருந்துவந்தன. 1980களின் இறுதியிலிருந்து இந்நிலை மாறத் தொடங்கியது. முதலீட்டுக்குப் பணமில்லாத நகரங்கள் தனியார் நிறுவனங்களுடன் நீண்டகால ஒப்பந்தங்களைச் செய்துகொண்டன. உலக வங்கி போன்ற அமைப்புகளும் இப்போக்கை ஊக்குவித்தன. வேறு சில இடங்களில் குடியிருப்போர் சங்கங்களும் தெருக் குழுக்களும் திட்டங்களில் பங்காளிகளாகச் சேர்க்கப்பட்டன.

தனியாரின் மூலதனமும் நிர்வாகத் திறனும் நகர மக்களுக்குப் பயன்படும் என்பது இந்த ஏற்பாட்டை ஆதரிப்போரின் வாதம். அடிப்படைத் தேவைகளை இலாப நோக்கிற்கு உட்படுத்தினால் ஏழைகளே பாதிக்கப்படுவர் என்பது எதிர்ப்போரின் வாதம். இவ்விரு தரப்பினரும் தத்தம் வாதத்துக்குச் சான்றாகக் காட்டும் நகரங்களில் ஒன்று மணிலா.

இதற்குக் காரணம் உண்டு. 1997ஆம் ஆண்டில் மணிலாவின் குடிநீர் விநியோகம் ஒரே நாளில், ஒரே வகையான ஒப்பந்தத்தின் கீழ், இரண்டு தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று வளர்ந்து பங்குச் சந்தைக்குச் சென்றது. மற்றொன்று ஆறு ஆண்டுகள் நிறைவதற்குள் தனது ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள அனுமதி கேட்டது.

கூட்டாண்மையின் வகைகள்

பொது-தனியார் கூட்டாண்மை என்ற சொல் பல ஏற்பாடுகளைக் குறிக்கிறது. எளிமையானது பணி ஒப்பந்தம்: குப்பை அள்ளுதல், கட்டண வசூல் போன்ற ஒரு வேலையை நகராட்சி குறிப்பிட்ட தொகைக்குத் தனியாரிடம் விடுகிறது. அடுத்தது, தனியார் ஒரு நிலையத்தைக் கட்டி, சில ஆண்டுகள் இயக்கி வருவாய் ஈட்டிய பின் அரசிடம் திருப்பித் தரும் ஏற்பாடு.

இவற்றைவிட விரிவானது நீண்டகால உரிமை ஒப்பந்தம். இதில் குழாய்களும் நீரேற்று நிலையங்களும் அரசின் சொத்தாகவே இருக்கும். ஆனால் அவற்றை இயக்குவது, விரிவாக்குவது, கட்டணம் வசூலிப்பது ஆகிய அனைத்தும் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு நிறுவனத்தின் பொறுப்பு. மணிலா தேர்ந்தெடுத்தது இம்முறையையே.

வகை எதுவாயினும், ஒப்பந்தத்தின் மையப் பொருள் இடர்ப் பகிர்வே. வறட்சி வந்தால், நாணய மதிப்பு சரிந்தால், எதிர்பார்த்த அளவுக்கு நுகர்வு இல்லாவிட்டால் அந்த இழப்பை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தம் முன்கூட்டியே வகுக்கிறது. இடரைத் தாங்கக்கூடியவரிடம் அது விடப்படாவிட்டால், அது இறுதியில் கட்டணமாகவோ வரியாகவோ மக்களிடமே வந்து சேர்கிறது.

1997க்கு முந்தைய நிலை

மணிலா பெருநகரின் குடிநீரையும் கழிவுநீரையும் 1971 முதல் ‘எம்டபிள்யூஎஸ்எஸ்’ எனப்படும் அரசு வாரியம் நிர்வகித்துவந்தது. 1990களின் நடுப்பகுதியில் அதன் நிலை மோசமாக இருந்தது. மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கே குழாய் இணைப்பு இருந்தது. இணைப்பு இருந்த பல பகுதிகளிலும் நாள் முழுவதும் நீர் வரவில்லை. வாரியம் வழங்கிய நீரில் பாதிக்கும் மேற்பட்டது கசிவாலும் திருட்டாலும் பழுதான மீட்டர்களாலும் வருவாய் தராமல் போனது. வெளிநாட்டுக் கடனோ பல கோடி டாலர்களாக வளர்ந்திருந்தது.

இந்நிலையின் கடுமையை அதிகம் உணர்ந்தவர்கள் குடிசைப் பகுதி மக்கள். அவர்கள் வாழ்ந்த நிலத்துக்கு அவர்களிடம் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு இணைப்புத் தர வாரியத்தின் விதிகள் இடமளிக்கவில்லை. எனவே அவர்கள் தண்ணீர் வியாபாரிகளிடம் குடம் கணக்கிலும் பீப்பாய் கணக்கிலும் விலைக்கு வாங்கினர். வசதியான வீடுகள் செலுத்திய குழாய்க் கட்டணத்தைப் போலப் பல மடங்கு விலையை ஏழைகள் கொடுத்தனர்.

1995இல் அதிபர் ஃபிடல் ராமோஸின் அரசு தண்ணீர் நெருக்கடிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து நகரம் கிழக்கு, மேற்கு என இரு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் 25 ஆண்டு உரிமை ஏலத்துக்கு வந்தது. ஒரு நிறுவனத்தின் செயல்பாட்டை மற்றொன்றுடன் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பது இப்பிரிவினைக்குக் கூறப்பட்ட காரணம்.

வியப்பூட்டிய ஏலம்

மிகக் குறைந்த கட்டணம் கேட்பவருக்கே உரிமை என்பது ஏல விதி. அப்போதைய சராசரிக் கட்டணம் ஒரு கன மீட்டருக்கு 8.78 பெசோ. அயாலா குழுமத்தின் தலைமையிலான ‘மணிலா வாட்டர்’ நிறுவனம் கிழக்கு மண்டலத்துக்கு வெறும் 2.32 பெசோ கேட்டது. லோபெஸ் குடும்பத்தின் பென்பிரெஸ் நிறுவனமும், பின்னாளில் சுயஸ் என்று அறியப்பட்ட பிரெஞ்சு நிறுவனமும் இணைந்த ‘மைனிலாட்’ மேற்கு மண்டலத்துக்கு 4.97 பெசோ கேட்டது.

உண்மையில் இரு மண்டலங்களிலும் அயாலா குழுமமே மிகக் குறைந்த விலையைக் கேட்டிருந்தது. ஒரே குழுமம் இரண்டையும் பெறக்கூடாது என்ற விதியால் மேற்கு மண்டலம் மைனிலாடுக்குச் சென்றது. தனியார்மயத்தால் கட்டணம் உயரும் என்று அஞ்சிய மக்களுக்கு அது குறைந்தது பெரும் வியப்பாக இருந்தது. அந்தக் கட்டணத்தில் நிறுவனங்களால் நீடிக்க முடியுமா என்ற ஐயமும் அப்போதே எழுந்தது.

வாரியத்தின் பழைய டாலர் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பும் நிறுவனங்களிடம் விடப்பட்டது. அதில் ஏறத்தாழ 90 சதவீதம் மேற்கு மண்டலத்தின் மீதும், 10 சதவீதம் மட்டுமே கிழக்கின் மீதும் சுமத்தப்பட்டது. மேற்கில் வாடிக்கையாளர் அதிகம் என்பது இதற்கு அடிப்படை. ஆனால் நகரின் மிகப் பழைய குழாய்களும் நெரிசல் மிகுந்த பகுதிகளும் பெருமளவில் அந்த மண்டலத்திலேயே இருந்தன.

நெருக்கடி

1997 ஆகஸ்ட் முதல் தேதி நிறுவனங்கள் பொறுப்பேற்றன. அதற்குச் சில வாரங்களுக்கு முன் தாய்லாந்தில் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடி பிலிப்பைன்ஸையும் தாக்கியிருந்தது. ஒரு டாலருக்குச் சுமார் 26 பெசோவாக இருந்த மாற்று விகிதம் அடுத்த ஆண்டில் 40ஐத் தாண்டியது. 2001இல் 50ஐயும் தாண்டியது. அதே காலத்தில் எல் நினோ வறட்சி ஏற்பட்டு, நகரின் நீரில் 90 சதவீதத்துக்கும் மேல் தரும் அங்காட் அணையில் நீர்மட்டம் குறைந்தது.

மைனிலாடின் வருவாய் பெசோவில் வந்தது. கடன் டாலரில் இருந்தது. நாணயச் சரிவால் ஏறத்தாழ இரு மடங்கான கடன் சுமையை அதனால் தாங்க இயலவில்லை. 2001இல் அது அரசுக்குச் செலுத்தவேண்டிய உரிமைக் கட்டணத்தை நிறுத்தியது. நாணய இழப்பைக் குடிநீர்க் கட்டணத்தில் சேர்த்து வசூலிக்க வழிசெய்யும் வகையில் அரசு அதே ஆண்டில் ஒப்பந்தத்தைத் திருத்தியது. நிறுவனம் ஏற்பதாக ஒப்புக்கொண்டிருந்த இடர் இவ்வாறு நுகர்வோரிடம் மாறியது.

அதுவும் போதவில்லை. 2002 டிசம்பரில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக மைனிலாட் அறிவித்தது. அதற்குப் போதிய காரணமில்லை என்று நடுவர் தீர்ப்பாயம் 2003இல் கூறியது. கடன் சீரமைப்பின் வாயிலாக 2005இல் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் அரசு வாரியத்திடமே வந்தன. தனியாரிடம் ஒப்படைத்ததை அரசே திரும்ப ஏற்கவேண்டியதாயிற்று. 2006 இறுதியில் நடந்த மறு ஏலத்தில் வேறொரு உள்நாட்டுக் கூட்டமைப்பு அதைப் பெற்றது. அப்போது மேற்கு மண்டலத்தில் வழங்கப்பட்ட நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வருவாய் தராமல் போய்க்கொண்டிருந்தது.

கிழக்கு மண்டலத்தின் வளர்ச்சி

கிழக்கில் கதை வேறாக இருந்தது. குறைந்த கடன் சுமை மணிலா வாட்டருக்குக் கால அவகாசம் அளித்தது. அந்த அவகாசத்தை அது கசிவைக் குறைப்பதில் பயன்படுத்தியது. மண்டலத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ளே செல்லும் நீரையும் கட்டணம் பெறும் நீரையும் அளந்தது. வேறுபாட்டுக்கு அப்பகுதி ஊழியர்கள் பதில் சொல்லவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தது. 1997இல் 60 சதவீதத்தை ஒட்டியிருந்த இழப்பு 2010களின் தொடக்கத்தில் 11 சதவீத அளவுக்கு வந்தது. புதிய அணை கட்டாமலே பல இலட்சம் பேருக்குக் கூடுதலாக நீர் வழங்க இது வழிவகுத்தது. 2005இல் நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

இவ்வளர்ச்சியில் மூன்றாவது பங்காளி ஒருவர் உண்டு. குடிசைப் பகுதி மக்களே அவர்கள்.

1998இல் தொடங்கப்பட்ட ‘துபிக் பாரா சா பராங்காய்’ திட்டத்தின் பெயருக்கு ‘பராங்காய்க்குத் தண்ணீர்’ என்பது பொருள். பராங்காய் என்பது பிலிப்பைன்ஸ் உள்ளாட்சியின் மிகச் சிறிய அலகு. நம்மூர் வார்டுக்கு ஒப்பானது. இத்திட்டத்தில் இணைப்புக்குப் பட்டா தேவையில்லை என்று விதி தளர்த்தப்பட்டது. இணைப்புக் கட்டணத்தைத் தவணையில் செலுத்த அனுமதிக்கப்பட்டது. குறுகிய சந்துகளுக்குள் குழாய் பதிப்பதற்குப் பதிலாக, பல வீடுகளின் மீட்டர்கள் சந்தின் முகப்பில் ஒரே இடத்தில் பொருத்தப்பட்டன. அங்கிருந்து வீடு வரையான குழாயைக் குடியிருப்போர் அமைத்துக்கொண்டனர். மேற்கிலும் 1999இல் ‘பாயன் துபிக்’ என்ற பெயரில் இதையொத்த திட்டம் தொண்டு நிறுவனங்களின் துணையுடன் தொடங்கியது.

சில குடியிருப்புகளில் நுழைவாயிலில் ஒரு தாய் மீட்டர் வைக்கப்பட்டது. அதன் அளவுக்கும் வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகைக்கும் உள்ள வேறுபாட்டைக் குடியிருப்போர் பகிர்ந்து செலுத்தவேண்டும். இதனால் கசிவைக் கண்டறிவதும் திருட்டு இணைப்பைத் தடுப்பதும் அவர்களது பொறுப்பாயின. நிறுவனத்தின் ஊழியர்கள் நுழையத் தயங்கிய இடங்களில் இழப்பு குறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். கிழக்கு மண்டலத்தில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏழை மக்கள் இவ்வழியில் குழாய் நீரைப் பெற்றனர்.

இதில் குறைகளும் இருந்தன. மொத்த மீட்டர் மூலம் நீர் பெற்ற குடியிருப்புகளில், பராமரிப்புச் செலவும் குழுவின் செலவும் சேர்ந்ததால் ஒரு கன மீட்டரின் விலை, தனி இணைப்புள்ள நடுத்தர வீடுகள் செலுத்தியதைவிட அதிகமாயிற்று. வசூல், கண்காணிப்பு, பழுதுபார்ப்பு ஆகிய வேலைகளை மக்களே செய்தனர். வியாபாரிகளிடம் வாங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் ‘சமுதாயப் பங்கேற்பு’ என்ற பெயரில் செலவும் உழைப்பும் ஏழைகளுக்கு மாற்றப்படுகின்றனவா என்ற கேள்வி நியாயமானது.

கட்டணப் பூசலும் 2019 தட்டுப்பாடும்

ஏலத்தில் கேட்கப்பட்ட மிகக் குறைந்த கட்டணம் நீடிக்கவில்லை. 2000களின் இறுதிக்குள் இரு மண்டலங்களிலும் கட்டணம் 1997க்கு முந்தைய அளவின் இரு மடங்கைத் தாண்டியது. பணவீக்கமும் புதிய முதலீடும் இதற்குப் பெருமளவு காரணம். ஆனால் நிறுவனங்கள் தங்கள் வருமான வரியையும் கட்டணத்தில் சேர்த்து மக்களிடம் வசூலிப்பது தெரியவந்தபோது எதிர்ப்பு வலுத்தது.

2013இல் வாரியத்தின் ஒழுங்குமுறை அலுவலகம் அவ்வாறு வசூலிக்க மறுப்புத் தெரிவித்துக் கட்டணத்தைக் குறைக்க உத்தரவிட்டது. நிறுவனங்கள் நடுவர் விசாரணையை நாடின. ஒப்பந்தத்தில் அரசு அளித்திருந்த உறுதிமொழியின் அடிப்படையில், மணிலா வாட்டருக்கு ஏற்பட்ட இழப்புக்காகப் பிலிப்பைன்ஸ் அரசு சுமார் 739 கோடி பெசோ செலுத்தவேண்டும் என்று 2019 நவம்பரில் சிங்கப்பூரில் அமைந்த தீர்ப்பாயம் கூறியது. கட்டணத்தைக் குறைத்தால் அதே மக்களின் வரிப்பணத்திலிருந்து ஈடு தரவேண்டும் என்ற நிலை பொதுமக்களை அதிர்ச்சிக்குள்ளாக்கியது.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில், முன்னோடி என்று பாராட்டப்பட்ட கிழக்கு மண்டலம் கடும் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. தேவை வளர்ந்திருந்தது, அங்காட் அணையிலிருந்து அதற்கு ஒதுக்கப்பட்ட பங்கு வளரவில்லை. ஏரி நீரைச் சுத்திகரிக்கத் திட்டமிட்ட புதிய நிலையம் தாமதமாகியிருந்தது. மக்கள் வாளிகளுடன் தண்ணீர் வண்டிகளின் முன் வரிசையில் நின்றனர், மருத்துவமனைகளும் பாதிக்கப்பட்டன. நிறுவனத்துக்கு வாரியம் அபராதம் விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், கழிவுநீர் இணைப்புகளைச் சட்டம் கூறிய காலத்துக்குள் அமைக்காததற்காக இரு நிறுவனங்களுக்கும் வாரியத்துக்கும் உச்ச நீதிமன்றம் பெரும் அபராதம் விதித்தது.

அதிபர் ரோட்ரிகோ டுடெர்டேயின் கடும் கண்டனத்தைத் தொடர்ந்து, நிறுவனங்கள் தீர்ப்பாயம் வழங்கிய ஈட்டுத்தொகையைக் கைவிட்டன. 2021இல் திருத்தப்பட்ட ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. வருமான வரியை நுகர்வோரிடம் வசூலிக்க இடமில்லை என்றும், கட்டண உயர்வுக்கு உச்சவரம்பு உண்டு என்றும் அவை கூறின. அதே ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இரு நிறுவனங்களுக்கும் 25 ஆண்டு உரிமம் வழங்கப்பட்டது. மணிலா தனியார் பங்கேற்பைக் கைவிடவில்லை; அதன் நிபந்தனைகளை மாற்றி எழுதியது.

பிற நகரங்களில்

மணிலாவில் கண்ட இடர்ப் பிரச்சினை வளர்ந்த நாடுகளிலும் தோன்றியுள்ளது. இலண்டன் சுரங்க ரயிலின் தடங்களையும் ரயில்களையும் புதுப்பிக்க 2002-03இல் மூன்று 30 ஆண்டு ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. அவற்றில் இரண்டைப் பெற்ற மெட்ரோநெட் 2007இல் நொடித்தது. அதன் கடனில் 95 சதவீதத்துக்குப் பொதுத்துறை உத்தரவாதம் அளித்திருந்ததால் சுமை அரசின் மீது விழுந்தது. வரிசெலுத்துவோருக்கு நேரடி இழப்பு 17 கோடி பவுண்டுக்கும் 41 கோடி பவுண்டுக்கும் இடைப்பட்டது என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2009இல் மதிப்பிட்டது. மூன்றாவது ஒப்பந்தத்தைக் கொண்டிருந்த நிறுவனத்தையும் 2010இல் நகரப் போக்குவரத்து அமைப்பே வாங்கியது. பாரிஸ் நகரம் தனியார் ஒப்பந்தங்கள் முடிந்தவுடன் 2010 முதல் குடிநீரைத் தானே நிர்வகிக்கிறது.

தமிழ்நாட்டிலும் இரு வேறு முன்மாதிரிகள் உண்டு. சென்னையை ஒட்டிய ஆலந்தூரில் 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை திரட்டப்பட்டது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் வீடு வீடாகச் சென்று ஆதரவு திரட்டின. அத்தொகை, கடன், அரசு மானியம் ஆகியவற்றுடன் தனியார் கட்டிய சுத்திகரிப்பு நிலையமும் சேர்ந்து திட்டம் நிறைவேறியது. 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே முன்னின்று பணம் கேட்டதும், பணம் கொடுத்தவர்கள் கண்காணிக்க முடிந்ததும் இத்திட்டத்தின் பலம்.

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலின் தேவையை நம்பிச் சுமார் ஆயிரம் கோடி ரூபாயில் தனியார் பங்கேற்புடன் குடிநீர்த் திட்டம் உருவானது. தொழிற்சாலைகள் செலுத்தும் உயர்ந்த கட்டணமே அதன் ஆதாரம். நொய்யல் ஆற்றின் மாசு தொடர்பான வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, அந்த ஆதாரம் ஆட்டங்கண்டது. மணிலாவில் நாணயச் சரிவைப் போல, இங்கு தொழிலின் தேக்கம் ஒப்பந்தத்தின் பலவீனத்தை வெளிப்படுத்தியது.

குடிமக்கள் கேட்கவேண்டியவை

இந்த அனுபவங்களிலிருந்து, புதிய கூட்டாண்மை ஒன்று முன்வைக்கப்படும் எந்த நகரிலும் மக்கள் கேட்கவேண்டிய கேள்விகள் சில எழுகின்றன. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் பொதுமக்கள் அதை முழுமையாகப் படிக்க முடியுமா? நாணய மதிப்பு, வறட்சி, தேவைக் குறைவு ஆகிய ஒவ்வொன்றின் இழப்பும் யாரைச் சேரும்? நிறுவனம் பெறும் கடனுக்கு அரசு உத்தரவாதம் அளித்துள்ளதா? பூசல் எழுந்தால் அது உள்நாட்டு நீதிமன்றத்தில் தீர்க்கப்படுமா, வெளிநாட்டுத் தீர்ப்பாயத்திலா? பட்டா இல்லாதவர்களுக்கும் இணைப்பு உண்டா? மக்கள் குழுக்கள் உழைப்பைத் தரும்போது முடிவெடுப்பதிலும் அவற்றுக்கு இடம் உண்டா?

மணிலாவில் தனியார் நிறுவனம் கசிவை அடைத்தது உண்மை. குடிசைப் பகுதிகளுக்குக் குழாய் வந்ததும் உண்மை. அதேவேளை, 1997இல் அரசு கைமாற்றியதாகக் கருதிய இடர்கள் ஒவ்வொன்றாக அரசிடமும் மக்களிடமும் திரும்பி வந்தன. குழாயில் நீர் வராதபோது மக்கள் முறையிட்டது நிறுவனத்திடம் மட்டுமல்ல, தாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்களிடமும்தான். சேவையை வழங்கும் வேலையை ஒப்பந்தத்தின் மூலம் பிறரிடம் தரலாம். அந்தச் சேவைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு நகர நிர்வாகத்தை விட்டு நீங்குவதில்லை என்பதையே மணிலாவின் கால் நூற்றாண்டு காட்டுகிறது.